முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

கடை போனுக்கு இனிமேல் அழைக்காதே. நேற்று ஒரு பெரியவருக்குக் கண்ணாடி ஃபிரேமை மாட்டி, காதுப்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எடுத்தால் நீ. கையிலிருந்த ஃபிரேம் பட்டென்று ஒடிந்துவிட்டது. பெரியவர் பதறிப்போய், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லைங்க, என் அண்ணன்" என்றேன்.

சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுத்தில் என்றால் நானும் கொஞ்சம் யோசித்துத் திட்டுவேன். வீட்டு போனில் உன் நம்பர் வராமல் தடுத்தாகிவிட்டது, அதுவும் உனக்குத் தெரியட்டும்.

மன்னிப்புக் கேட்கத்தான் துடிக்கிறாய் என்று புரிகிறது. எதற்கென்று உனக்கு முழுசாகத் தெரியுமா என்பதுதான் என் சந்தேகம். போன வருஷம் உன் வீட்டுக்குச் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடம், "மாப்பிள்ளை, விரலை நீட்டுங்க, நான் பண்ணின பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க" என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே நீட்டினார். ஒரு சொட்டு ரத்தம். நாற்பத்தொன்று என்று எண் வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்சமாவது அடக்கி வாசித்தாயா? "முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது மாப்பிள்ளை, வயித்துக்குள்ள எங்கேயாவது புற்றுநோய் ஆரம்பிச்சிருக்கலாம்" என்று தட்டு முன்னாடி உட்கார்ந்திருந்த எல்லோர் எதிரிலும் சொன்னாய். அதற்கப்புறம் அந்த மேஜையில் யாரும் சாப்பிடவில்லை.

ஐந்து மாதம் அலைந்தோம். தொண்டை வழியாகக் குழாய் விட்டார்கள், ஊசி போட்டுத் துளியளவு சதை எடுத்தார்கள். கடைசியில் அகப்பட்டது பித்தப்பையில் ஒரு கல். அதற்குள் இவர், பொய் சொல்லத் தெரியாத மகராசன், கம்பெனி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். துறைமுகத்தில் அவ்வளவு உயரத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள் நோயாளியாக இருந்தால் யார் பொறுப்பு என்று கீழே இறக்கிவிட்டார்கள். கல்லை எடுத்தாயிற்று, சான்றிதழும் காட்டியாயிற்று, இன்னும் மேலே ஏற்றவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய கிரேன் தெரியும். இப்போதெல்லாம் அவர் அந்த ஜன்னல் பக்கமே வருவதில்லை.

உன் வீட்டு மாடிப்படியில் நின்று நான் கத்தியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கமாட்டேன்.

உன் தங்கை

(சில்லறை என்று கூப்பிட்டு எழுதினால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.)


பிப்ரவரி 21

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா வைத்த பெயர் அது. வாயைத் திறந்தால் சில்லறையைக் கொட்டியதுபோல நிற்காமல் பேசுவாய் என்று வைத்தார். வேண்டாம் என்கிறாய், எழுதவில்லை.

நீ எழுதியது எல்லாம் உண்மை. சாப்பாட்டு மேஜையில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். அன்றைக்குக் காலையில்தான் அந்தப் பெட்டி முதன்முதலாகச் சரியாக வேலை செய்தது. எட்டு வருஷ உழைப்பு. புது சைக்கிள் வாங்கினவன் போல வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நீ புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் செருகி ரத்தத்தைத் தொடவைக்கிற பட்டையின் நுனியில் தங்கம் பூசிய ஒரு புள்ளி இருக்கிறது. நாங்கள் தேடுகிற ஒரு புரதத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருளை அதன்மேல் பூசுகிறோம். ரத்தம் பட்டதும் அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டுகிறதோ அதற்கேற்ப அங்கே ஓடுகிற மின்சாரம் மாறும். அதைத்தான் பெட்டி எண்ணாகக் காட்டுகிறது. சர்க்கரை பார்க்கிற பெட்டிக்குத் தம்பி என்று வைத்துக்கொள். வயிற்றுப் பகுதியில் வரும் சில புற்றுநோய்கள், ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே இந்தப் புரதத்தைக் கூட்டிவிடும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கூடும். மாப்பிள்ளைக்குக் கூடியிருந்தது உண்மை. பட்டை பொய் சொல்லவில்லை. கல்லா, கட்டியா என்று சொல்ல அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் கம்பெனி டாக்டருக்கு நானே ஒரு கடிதம் எழுதட்டுமா?

அண்ணன்


மார்ச் 4

பட்டை பொய் சொல்லவில்லையாம். நல்லது. அதற்கு ஒரு மாலை வாங்கிப் போடு.

என் கடையில் நான் ஒருத்தருக்குப் பவரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று வை. மறுநாளே வந்துவிடுவார். தலை வலிக்கிறது, படி இறங்கினால் தடுமாறுகிறது என்று கவுண்டரைத் தட்டுவார். "கண்ணாடி பொய் சொல்லலை சார், உங்க கண்ணுதான் சரியில்லை" என்று நான் சொன்னால் அடிக்கமாட்டாரா? வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், வேறு கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். உன்னைப்போலப் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை, ஆனால் வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியும்.

டாக்டருக்கெல்லாம் எழுதாதே. நீ மூக்கை நுழைத்தவரைக்கும் போதும்.

நேற்று இவர் தூக்கத்தில் கையை நீட்டி எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கிரேனின் நெம்புகோல். பார்க்கச் சகிக்கவில்லை அண்ணா. உன் பெட்டி யாருக்கு என்ன நல்லது செய்யும் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு வீட்டில் இப்படிச் செய்துவிடாதே. அது போதும் எனக்கு.


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சிவப்பு விளக்கு எந்த எண்ணில் எரிய வேண்டும் என்று முடிவு செய்ய எங்கள் ஆய்வுக்கூடத்தில் போன வாரம் உட்கார்ந்தோம். கோடு முப்பத்தைந்தில் இருந்தால் நோய் இருப்பவர்களில் அநேகமாக எல்லோரும் பிடிபடுவார்கள். மாப்பிள்ளை போன்றவர்களும் கூடவே மாட்டிக்கொள்வார்கள். ஐம்பதுக்கு ஏற்றினால் வீண் பயம் ரொம்பக் குறைந்துவிடும். பெட்டியைத் தயாரிக்க வந்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் ஐம்பதுதான் பிடித்திருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை என்னைப் பார்த்து, "நீங்கதான் இதைப் பண்ணினவர், நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு மாடிப்படியில் நின்ற உன் முகம்தான் தெரிந்தது. ஐம்பது என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். எண்ணையே எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்தால்தானே ஜனங்கள் கணக்குப் போட்டுக் கலங்குகிறார்கள்? இனிமேல் விளக்கு மட்டும்தான். பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எண் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும், எங்களுக்கு மட்டும் தெரியும்.

பட்டைகளுக்குப் பூச்சுப் போடும் பெண் ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள், பேசவே மாட்டாள். அன்றைக்குப் பார்த்து, "அப்போ முப்பத்தஞ்சுக்கும் அம்பதுக்கும் நடுவுல இருக்கிறவங்க?" என்று கேட்டாள். "அவங்க நிம்மதியா சாப்பிடட்டும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

புதுப் பெட்டி ஒன்றையும் பட்டைகளையும் இத்துடன் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை ஒரு தடவை குத்திப் பார்க்கச் சொல். கல்லை எடுத்தாயிற்றே, பச்சைதான் எரியும். அவர் மனசிலிருந்து அந்தச் சிவப்பு போகட்டும். திட்டிக்கொண்டாவது வாங்கி வை, குப்பையில் போட்டுவிடாதே.

அண்ணன்


மே 7

அண்ணாவுக்கு,

குப்பையில்தான் போடப் போனேன். கூடைவரைக்கும் போய்விட்டு, எட்டு வருஷம் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்து அலமாரியில் வைத்தேன்.

இவர் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "உங்க அண்ணன் பாம்பை வேற அனுப்பியிருக்காரா?" என்றார். பெட்டி இரண்டு வாரம் சும்மா கிடந்தது. நேற்று இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வீம்பு வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து என் விரலையே குத்திக்கொண்டேன். பேப்பர் மெதுவாக இறங்கியது. "என்னடி பண்றே?" என்று அலறினார். பச்சை எரிந்தது. "பாருங்க, கடிக்கலை" என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் விரலை நீட்டினார். அவருக்கும் பச்சை.

அண்ணா, அந்த மனிதர் சிரித்துவிட்டார். ஒரு வருஷமாகிறது அந்தச் சிரிப்பைப் பார்த்து. சாயங்காலம் சமையலறை ஜன்னலைத் திறந்து, தன் கிரேனை இப்போது ஓட்டுகிறவன் எப்படித் தப்புத் தப்பாக ஓட்டுகிறான் என்று எனக்குப் பாடம் எடுத்தார். இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் குறைத்துத் திட்டுகிறேன்.

மாதம் ஒரு தடவை குத்திப் பார்ப்பதாக இருக்கிறேன். அந்தப் பச்சையைப் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. எனக்கும் வயசாகிறது, பாவாடை எல்லாம் இடுப்பில் இறுக்குகிறது. சாப்பிடுவது என்னவோ குருவி அளவுதான், இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. காற்றைக் குடித்தே பெருக்கிறேன் போலிருக்கிறது.

தங்கை


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். மாப்பிள்ளை சிரித்தார் என்ற இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பேராசிரியையிடம்கூடக் காட்டினேன், வெட்கமில்லாமல்.

நீ பெருப்பதற்குக் காற்று காரணமில்லை. கடையில் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே கிடையாது. சாயங்காலம் கொஞ்சம் நட. மற்றபடி பச்சை எரியும்போது என்ன கவலை? உனக்கென்று சொந்தமாக ஒரு பெட்டி பண்ணிய அண்ணன் வேறு யாருக்கு இருக்கிறான், சொல்லு.

பட்டைகள் தீர்ந்தால் எழுது, அனுப்புகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அண்ணா,

முதலில் நல்ல சேதி. இவரை மேலே ஏற்றிவிட்டார்கள்! புதுசாக வந்த டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்லை எடுத்த ஆளை ஏன்யா கீழே உட்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை ஏறினார். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னலிலேயே நின்றேன். மேலேயிருந்து கையை ஆட்டினார். அவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளிதான், ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

இனி உன்னிடம் சண்டை போட எனக்கு விஷயம் இல்லை. வருஷக் கடைசியில் உனக்கு லீவு இருக்குமே, வா. "உங்க அண்ணனை வரச்சொல்லு, ஆனா பெட்டியைத் தூக்கிட்டு வரக்கூடாது" என்று இவரே சொல்கிறார்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டுவிட்டது. இத்துடன் அனுப்புகிறேன், சரிசெய்து அனுப்பு. இந்த மாதமும் குத்திப் பார்த்துவிட்டேன், பச்சைதான். உன் பட்டையை மாதம் தவறாமல் கும்பிட்டுவருகிறேன்.

இவருக்குத்தான் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக என் வயிறு உப்பிக்கொண்டு கல் மாதிரி இருக்கிறது, சாயங்காலமானால் கால் இழுக்கிறது. "டாக்டர்கிட்ட போகலாம் வா" என்று நச்சரிக்கிறார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஐந்து மாதம் போதும். "என் அண்ணன் பண்ணின பெட்டியே ஒண்ணுமில்லைன்னு சொல்லுது, உங்க டாக்டர் என்ன சொல்லப்போறார்?" என்று வாயை அடைத்துவிட்டேன். உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறேன், குறித்துவைத்துக்கொள்.

தங்கை


செப்டம்பர் 6

என் தங்கச்சி,

கடைக்கு அழைத்தேன். நீ உடம்பு முடியவில்லை என்று வரவில்லையாம். உன் முதலாளியிடம் கெஞ்சி மாப்பிள்ளையின் புது நம்பரை வாங்கி, அவரிடம் பேசிவிட்டேன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன். ஏன் என்று கேட்டார். போனிலேயே அழுதுவிட்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இது உன் கைக்கு வரும்போது நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய். சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

பொத்தானைச் சரிசெய்யப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பதிந்திருந்த எண்களைச் சும்மாதான் பார்த்தேன். மாப்பிள்ளை குத்திக்கொண்டது ஒரே தடவை: பன்னிரண்டு. மற்றதெல்லாம் உன்னுடையது. மே மாதம் முப்பத்தெட்டு. ஜூனில் நாற்பது. ஜூலையில் நாற்பத்துமூன்று. இந்த ஆகஸ்டில் நாற்பத்தேழு.

நாலு தடவையும் பச்சை எரிந்தது. நான் எரியவைத்தேன்.

கோடு பழைய இடத்தில் இருந்திருந்தால் முதல் சொட்டிலேயே சிவப்பு வந்திருக்கும். எண்ணை மறைக்காமல் விட்டிருந்தாலும் நீ எனக்கு எழுதியிருப்பாய். முப்பத்தெட்டு என்று படித்ததும் அடுத்த வண்டி பிடித்து வந்திருப்பேன். உனக்கு எது இதம் என்று நானே முடிவு செய்தேன். இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிடுகிறது என்று நீ எழுதியபோது, நட என்று புத்தி சொன்னேன். இந்தத் துறையில் எட்டு வருஷம் இருக்கிறவன். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் உடனே ஓடு என்று விரட்டியிருப்பேன். உன் விஷயத்தில் என் பச்சையை நானே நம்பிவிட்டேன்.

பூச்சுப் போடும் அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். எண்களைப் பார்த்தாள். "யார் சார் இது?" என்று கேட்டாள். என் தங்கை என்றேன். அவள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இதுவும் கல்லாக இருக்கட்டும். பட்டைக்கு வித்தியாசம் தெரியாது என்று உன்னிடம் சொன்னேனே, இந்தத் தடவையும் அது கல்லைத்தான் பார்த்திருக்கட்டும். என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும்.

அண்ணன்


அக்டோபர் 28

அண்ணாவுக்கு,

கல் இல்லை.

கருப்பையில் ஆரம்பித்ததா பக்கத்திலா என்று அவர்கள் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். நான் சரியாகக் கேட்கவில்லை. எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியாதது இருக்கிறது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, என்னைப் பார்த்தே பேசினாள், அது பிடித்திருந்தது. "மே மாசம் வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றாள். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். பதில் எழுதாததற்குக் காரணம் மருந்து என்று நீ நினைத்திருப்பாய். மருந்தில்லை. ஆத்திரம். மாடிப்படியில் கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. படுத்தபடியே மனசுக்குள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றாயே. சாப்பிட்டேன் அண்ணா. இரண்டு வாய்.

அப்புறம் ஒருநாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டேன். கோட்டை ஏற்றியது உன் கை மட்டுமில்லை, என் வாயும்தான். இன்னொரு வீட்டில் இப்படிச் செய்துவிடாதே என்று நான் எழுதினேன். நீ செய்யவில்லை. இவர் வா வா என்று கூப்பிட்டதற்கும் நான்தான் போகவில்லை. பங்கு போட்டுக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்ளாதே. சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

இப்போது ஒன்று கேட்கிறேன். போன தடவை நான் கேட்டதைச் செய்தாய், இதையும் செய். கோட்டைப் பழைய இடத்துக்கே இறக்கு. எண்ணைத் திரும்ப வை. கம்பெனிக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பூச்சுப் போடும் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசு, அவள் கேட்ட கேள்விக்கு என் தங்கைதான் பதில் என்று சொல். யாருக்காவது சிவப்பு எரிந்தால் சாப்பாட்டு மேஜையில் வைத்து உளறாமல், தனியாகக் கூப்பிட்டு, கல்லாகவும் இருக்கலாம், பயப்படாமல் போய்ப் பாருங்கள் என்று சொல்லக் கற்றுக்கொடு. அதைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை, கத்தத்தான் தெரிந்தது.

பலபேர் வீணாகப் பயப்படுவார்கள். ஐந்து மாதம் அலைந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் உன்னைத் தேடிவந்து கத்துவார்கள். என் கடைக்கு வந்து கவுண்டரைத் தட்டுகிற ஆட்களைப் பற்றி எழுதினேனே, அவர்களை இப்போது நினைத்தால் எனக்கு ஆசையாக இருக்கிறது. உடம்பில் தெம்போடு படியேறி வந்து திட்டுகிறார்கள். உன்னைத் திட்ட அப்படி நிறையப் பேர் இருக்கட்டும் அண்ணா. வாங்கிக் கட்டிக்கொள்.

வருஷக் கடைசிவரை காத்திருக்காதே, அடுத்த வாரமே வா. இவர் உன்மேல் கோபமாக இல்லை. கோபப்படக்கூட இப்போது நேரமில்லை அவருக்கு, கிரேன், ஆஸ்பத்திரி, சமையல் என்று ஓடுகிறார். சமையல் மகா மோசம். ஜன்னல் பக்கம் என் கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறார். பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை மேலேயிருந்து கையை ஆட்டுவார். நான் தூங்கிப்போனாலும் ஆட்டுவாராம். நீ வந்தால் எனக்குப் பதிலாக நின்று பதிலுக்குக் கையை ஆட்டலாம்.

சில்லறை